மோட்டார் வண்டி வந்த வழி – 11: ஒரே தண்டில் மூன்று வேலை

பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை சிலிண்டருக்குள் தானாகப் பற்றிக்கொள்வதில்லை. பிஸ்டன் மேலேறிக் கலவையை நெருக்கி முடிக்கும் தறுவாயில் அங்கே ஒரு மின்பொறி விழ வேண்டும். அதற்கு மூன்று வேலைகள் நடந்தாக வேண்டும். முதலாவது, காயிலுக்குள் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று அறுப்பது. அறுத்தால்தான் பேட்டரியின் சில வோல்ட், பொறி பறக்கும் அளவுக்குப் பல்லாயிரம் வோல்ட்டாக எழும்பும். இரண்டாவது, பிஸ்டன் உரிய இடத்துக்கு வந்த கணம் பார்த்து அறுப்பது. மூன்றாவது, பிறந்த உயர் மின்னழுத்தத்தை எந்தச் சிலிண்டரின் முறையோ அந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு மட்டும் கொண்டு சேர்ப்பது. அறுத்தல், நேரம் பார்த்தல், பங்கிடுதல் ஆகிய மூன்றையும் ஒரே சுழல் தண்டில் கோத்த கருவியே டிஸ்ட்ரிபியூட்டர். மூன்று வேலைகளும் தனித்தனியே 19-ஆம் நூற்றாண்டிலேயே செய்யப்பட்டுவிட்டன. அவை ஒன்று சேர 1910-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கருத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும் காப்புப் பொருளும், தேயாத தொடுமுனை உலோகமும், வண்டியிலேயே மீண்டும் மின்னேறும் பேட்டரியும் வந்து சேரத் தாமதமாயின.

முதல் வேலைக்கான காயில் மோட்டார் வண்டியைவிட மூத்தது. ஜெர்மனியில் பிறந்து பாரிசில் கருவிப் பட்டறை வைத்திருந்த ஹைன்ரிக் ரூம்கார்ஃப் 1851 வாக்கில் தூண்டல் காயிலை நம்பத்தக்க கருவியாக ஆக்கினார். மெல்லிரும்புக் கம்பிக் கட்டின்மேல் தடித்த கம்பி சில நூறு சுற்று. அதன்மேல் தலைமுடி போன்ற மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்று. தடித்த சுற்றில் ஓடும் மின்னோட்டம் திடீரென்று நிற்கும்போது இரும்பின் காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு மெல்லிய சுற்றில் பெரும் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. சரிவு எவ்வளவு வேகமோ மின்னழுத்தம் அவ்வளவு அதிகம். ஆனால் தொடுமுனைகள் பிரியும்போது மின்னோட்டம் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. முனைகளுக்கு இடையே சுடராகப் பாய்ந்து ஓட்டத்தைத் தொடரப் பார்க்கும். சரிவு மந்தமாகும், முனைகளும் கருகும். 1853-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் இப்போலித் ஃபிஸோ தொடுமுனைகளுக்கு இணையாக ஒரு கன்டென்சரைச் சேர்த்தார். முனை பிரியும் கணத்தில் மின்னோட்டம் கன்டென்சருக்குள் போய்விடுவதால் சுடர் அடங்கி, அறுப்பு சட்டென்று நிகழ்ந்தது. பின்னாளில் கோடிக்கணக்கான கார்களில் பாயின்ட் எனப்படும் தொடுமுனைகளின் அருகே திருகி வைக்கப்பட்ட விரல்நீள உலோகக் குழாய், ஃபிஸோ அன்று சேர்த்த அதே உறுப்புதான்.

பங்கிடும் வேலையும் பழையதே. 1860-இல் பாரிசில் எத்தியேன் லெனுவார் செய்த வாயு எஞ்சினில் சிலிண்டர் ஒன்றுதான். ஆனால் பிஸ்டனின் இருபுறமும் மாறி மாறி எரிப்பு நடந்தது. ரூம்கார்ஃப் காயிலிலிருந்து வந்த மின்சாரத்தை ஒருமுறை இந்த முனைக்கும் மறுமுறை அந்த முனைக்கும் அனுப்ப அவர் ஒரு பங்கீட்டுத் தொடுப்பை வைத்திருந்தார். டிஸ்ட்ரிபியூட்டரின் கருவை அதில் காணலாம். ஆனாலும் அடுத்து வந்தவர்கள் மின்சாரத்தை நம்பவில்லை. நிக்கோலாஸ் ஓட்டோவின் 1876 எஞ்சின், நகரும் வால்வு ஒன்றின் வழியே வெளியிலிருந்த சுடரைச் சிலிண்டருக்குள் விட்டுக் கலவையைப் பற்றவைத்தது. காட்லீப் டைம்லர் சூட்டுக்குழாயைக் கையாண்டார். ஒரு முனை மூடிய சிறு குழாய் சிலிண்டர் தலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெளியே ஒரு பர்னர் செந்தணலாகக் காய்ச்சும். நெருக்கப்பட்ட கலவை குழாய்க்குள் ஏறியதும் பற்றிக்கொள்ளும். பற்றும் நேரத்தை ஓட்டுநர் மாற்ற வழியில்லை. பலத்த காற்றில் பர்னர் அணைந்துபோகும். பெட்ரோல் வண்டியில் திறந்த சுடர் எரிந்தால் என்ன ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கார்ல் பென்ஸ் தமது 1886 மூன்று சக்கர வண்டியில் துணிந்து பேட்டரியையும் காயிலையும் பொருத்தினார். அந்தக் காயிலில் மின்சார மணியின் நாக்கைப் போல ஓர் அதிர்வுத் தகடு இருந்தது. மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு காந்தமாகித் தகட்டை இழுக்கும். இழுத்ததும் தொடுப்பு அறுந்து ஒரு பொறி பறக்கும். தகடு திரும்பி வந்து மறுபடி தொடும். இப்படி ஒரு பொறிக்குப் பதில் பொறி மழையே கிடைத்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்றே சுழன்ற பென்ஸின் எஞ்சினுக்கு அது போதுமாயிருந்தது. சிலிண்டர் ஒன்றே என்பதால் பங்கிடும் தொல்லையும் இல்லை. மின்சாரத்தை அவ்வப்போது இழந்துபோகும் பேட்டரிதான் அவருடைய பெரிய கவலை.

சுற்று வேகம் கூடியதும் அதிர்வுத் தகட்டின் குறை வெளிப்பட்டது. எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுழன்றால் ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் 6 டிகிரி திரும்பிவிடும். மின்சாரம் பாய்ந்து, இரும்பு காந்தமேறி, தகடு அசைந்து, தொடுப்பு அறுவதற்குச் சில மில்லி விநாடிகள் தேவை. அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஜார்ஜ் பூத்தோன் 1895 வாக்கில் தெ தியோன்-பூத்தோன் நிறுவனத்துக்காக வடிவமைத்த சிறு எஞ்சின் 1500 சுற்றுக்கு மேல் ஓடியது. அவர் அறுக்கும் வேலையைக் காயிலிடமிருந்து பறித்து எஞ்சினிடமே கொடுத்தார். வால்வுத் தண்டோடு கிராங்கின் பாதி வேகத்தில் சுழலும் ஒரு கேம், வில்தகடு ஒன்றின் பிளாட்டினத் தொடுமுனையை உரிய கோணத்தில் இயக்கியது. கேம் எங்கே நிற்கிறதோ அங்கே பொறி. நேரம் பார்ப்பதும் அறுப்பதும் ஒரே உறுப்பில் சேர்ந்தன. டிஸ்ட்ரிபியூட்டரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய ஒற்றை அடி வேறு இல்லை என்றே கொள்ளலாம். அந்தச் சிறு எஞ்சின் பிரான்சுக்கு வெளியேயும் பல நாடுகளில் உரிமம் பெற்றும் பெறாமலும் செய்யப்பட்டதால், கேமால் அறுக்கும் முறையும் அதனோடு பரவியது.

1900-க்குப் பிறகு நான்கு சிலிண்டர் எஞ்சின் வழக்கத்துக்கு வந்தபோது பங்கிடும் கேள்வி முன்னால் வந்து நின்றது. பலரும் எளிய பாதையைத் தேர்ந்தார்கள். சிலிண்டருக்கு ஒரு காயில் என்று நான்கு அதிர்வுக் காயில்களை வரிசையாக ஒரு பெட்டியில் வைத்துவிட்டால், உயர் மின்னழுத்தத்தைப் பங்கிடவே வேண்டாம். குறைந்த மின்னழுத்தத்தைக் காயில்களுக்கு முறை வைத்து அனுப்பினால் போதும். இந்த வேலையைச் செய்த சுழல் சுவிட்சுக்கு டைமர் என்று பெயர்.

இதன் மிகப் பிரபலமான உதாரணம் 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி. அதன் டைமர் வால்வுத் தண்டின் முன் முனையில் உட்கார்ந்திருந்தது. வட்டமான உலோகக் கூட்டுக்குள் ஃபைபர் வளையம். வளையத்தில் பதித்த நான்கு உலோகத் துண்டுகள். நடுவே வில்லால் அழுத்தப்பட்டு உருண்டு செல்லும் ஓர் உருளை. உருளை எந்தத் துண்டின்மேல் ஏறுகிறதோ அந்தக் காயில் ரீங்காரமிடத் தொடங்கும். காயில்கள் ஓட்டுநருக்கு எதிரே ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தன. ஒவ்வொன்றும் தார் ஊற்றி நிரப்பிய ஒரு சிறு மரப் பெட்டி. மேலே அதிர்வுத் தகடும் அதைச் சரிசெய்யும் திருகும். நான்கு தகடுகளின் இறுக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைவிட ஒரு மில்லி விநாடி பிந்தினாலும் அந்தச் சிலிண்டர் பல டிகிரி பிந்தி எரியும்; எஞ்சின் நொண்டும். டைமருக்குள் எண்ணெய் விட வேண்டும். விடாவிட்டால் உருளை தேயும். குளிர்காலத்தில் அதே எண்ணெய் கெட்டிப்பட்டுத் தொடுப்பைத் தடுக்கும். இத்தனை குறையோடும் 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் இந்த ஏற்பாட்டோடுதான் வெளிவந்தன. கிராமத்துக் கொல்லரே பிரித்துப் பார்த்துச் சரிசெய்யக்கூடிய எளிமை அதற்கு இருந்தது. அந்த எளிமையை ஃபோர்டு எளிதில் கைவிட விரும்பாததில் நியாயம் உண்டு.

ஐரோப்பா வேறு பாதையில் போயிற்று. பேட்டரியே வேண்டாம், எஞ்சின் சுழலும்போதே மின்சாரம் பிறக்கட்டும் என்பது மேக்னெட்டோவின் கொள்கை. ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் போஷ் 1887 முதல் நிலையான எஞ்சின்களுக்குக் குறைந்த மின்னழுத்த மேக்னெட்டோ செய்துவந்தார். 1897-இல் அதை ஒரு தெ தியோன்-பூத்தோன் மூன்று சக்கர வண்டியில் ஓட வைத்தார். அவரிடம் பணியாற்றிய காட்லோப் ஹோனால்ட் 1902-இல் உருவாக்கிய உயர் மின்னழுத்த மேக்னெட்டோவில் மின்சாரம் பிறப்பிக்கும் சுற்றும், அதை உயர்த்தும் சுற்றும் ஒரே சுழல் உறுப்பில் சுற்றப்பட்டன. அறுக்கும் பாயின்ட்டும் கன்டென்சரும் அதிலேயே இருந்தன. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இந்தச் சுழல் உறுப்பு கிராங்கின் வேகத்திலேயே சுழன்று, ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி தந்தது. அவற்றைப் பங்கிட, பல்சக்கரத்தால் பாதி வேகத்தில் சுழலும் ஒரு தட்டு இருந்தது. தட்டில் ஒரு கரித் தூரிகை; அதைச் சுற்றிக் காப்புப் பொருளில் பதித்த நான்கு பித்தளைத் துண்டுகள். உயர் மின்னழுத்தத்தைப் பங்கிடும் கலை முதலில் முதிர்ந்தது இந்த மேக்னெட்டோக்களுக்குள்தான். பின்னால் வந்த டிஸ்ட்ரிபியூட்டர் இதிலிருந்து நிறையக் கடன் வாங்கியது.

மேக்னெட்டோவின் பலவீனம் கிளப்பும்போது தெரியும். கையால் கிராங்க் சுற்றும் மந்த வேகத்தில் அதன் பொறி மெலிந்துவிடும். முதல் உலகப் போருக்கு முந்தைய விலையுயர்ந்த கார்கள் பலவற்றில் இரட்டைப் பற்றவைப்பு இருந்ததற்கு இதுவே காரணம். பேட்டரியிலும் காயிலிலும் கிளப்பி, ஓடத் தொடங்கியதும் மேக்னெட்டோவுக்கு மாற்றுவார்கள்.

ஒற்றைக் காயிலோடு உயர் மின்னழுத்தப் பங்கீட்டையும் சேர்க்க 1900-களின் முற்பகுதியிலேயே முயன்றவர்கள் உண்டு. அவர்களை வீழ்த்தியது காப்புப் பொருள். அன்று கிடைத்தவை ஃபைபரும் எபோனைட் என்ற கெட்டி ரப்பரும். ஃபைபர் ஈரத்தை உறிஞ்சும். எபோனைட் எஞ்சின் சூட்டில் இளகும். பொறி பறக்கும் இடத்தில் உண்டாகும் ஓசோன் வாயு அதன் மேற்பரப்பை அரிக்கும். தூரிகையிலிருந்து உதிரும் கரித்தூள் துண்டுகளுக்கு இடையே ஒரு கோடாகப் படிந்தால், மின்சாரம் அந்தக் கோட்டின் வழியே தவறான சிலிண்டருக்குப் போய்விடும். முறை வராத சிலிண்டரில் பொறி விழுந்தால் எஞ்சின் உதைக்கும், வெடிக்கும். நான்கு காயில் பெட்டியில் இந்த அபாயமே கிடையாது என்பதை நினைத்தால், ஃபோர்டு போன்றவர்களின் தயக்கம் புரியும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்த பொருள் பேக்லைட். பெல்ஜியத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய வேதியியலர் லியோ பேக்லண்ட், ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சூட்டிலும் அழுத்தத்திலும் இணைத்து 1907-இல் அதை உருவாக்கினார். 1909-இல் உலகுக்கு அறிவித்தார். ஒருமுறை அச்சில் வார்த்துக் கெட்டிப்பட்டால் மறுபடி உருகாது. ஈரம் ஏறாது. எண்ணெய் ஒன்றும் செய்யாது. பித்தளைத் துண்டுகளை அச்சிலேயே வைத்து வார்க்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் ஒவ்வொரு மூடியும் மற்றதைப் போலவே வரும். கார்களின் பற்றவைப்புப் பாகங்கள் பேக்லைட்டின் முதல் பெரிய சந்தைகளில் ஒன்றாயின. தொடுமுனை உலோகத்துக்கும் அதே ஆண்டுகளில் விடிவு வந்தது. அதுவரை பிளாட்டினமும் பிளாட்டினம்-இரிடியக் கலவையும்தான். இரண்டும் கொள்ளை விலை. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வில்லியம் கூலிட்ஜ் மின்விளக்கு இழைக்காக டங்ஸ்டனை வளைந்து கொடுக்கும் உலோகமாக்கினார். அதே டங்ஸ்டன் பாயின்ட்டுகளிலும் பிளாட்டினத்தின் இடத்தைப் பிடித்தது. கெட்டியானது, சூட்டைத் தாங்குவது, விலையும் குறைவு.

இனி மிஞ்சியது பேட்டரி. அமெரிக்கக் கார்களில் அன்று பெரும்பாலும் உலர் மின்கலங்கள். தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியவை. அதிர்வுக் காயில் ஒரு பொறி தேவைப்படும் இடத்தில் பல பொறிகளைக் கொட்டி அவற்றை விரைவில் காலிசெய்தது. ஒரு சிலிண்டருக்கு ஒரே பொறி, அதுவும் மிகக் குறைந்த மின்சாரத்தில் என்பதே அப்போதைய வடிவமைப்பாளர்களின் இலக்கு. இரண்டு பேர் இரண்டு விதமாக விடை கண்டார்கள்.

ஒருவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஆர்தர் அட்வாட்டர் கென்ட். அவரது யூனிஸ்பார்க்கர் கருவியின் அறுப்பு நுட்பம், அந்தக் காலத்துச் சிறு இயந்திர வேலைப்பாட்டின் உச்சங்களில் ஒன்று. தண்டில் சிலிண்டருக்கு ஒன்றாக வெட்டுகள் இருக்கும். கொக்கி முனை கொண்ட மெல்லிய எஃகுத் துண்டு ஒன்று தண்டின்மேல் படிந்திருக்கும். தண்டு சுழலும்போது வெட்டு அந்தக் கொக்கியைப் பற்றிச் சற்றுத் தூரம் இழுத்துச் செல்லும், வில் நீளும். வெட்டு நழுவியதும் வில் கொக்கியைச் சுண்டித் திருப்பும். திரும்பும் வழியில் அது ஒரு சிறு தாழைத் தட்டும். தாழ் தொடுமுனைகளை ஒரு கணம் சேர்த்து உடனே பிரிக்கும். அந்த ஒரு தட்டில் ஒரு பொறி. முனைகள் சேர்ந்திருக்கும் நேரத்தை வில் தீர்மானிக்கிறது, எஞ்சின் வேகம் தீர்மானிப்பதில்லை. ஆகவே கையால் சுற்றினாலும் முழு வேகத்தில் ஓடினாலும் பொறியின் வலு ஒன்றே. சுவிட்சை அணைக்க மறந்து வண்டியை நிறுத்தினாலும் முனைகள் எப்போதும் பிரிந்தே நிற்பதால் பேட்டரி தீராது. இதே தண்டின் உச்சியில் உயர் மின்னழுத்தப் பங்கீட்டையும் அவர் வைத்தார். ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்லின் கழகம் 1914-இல் இதற்காக அவருக்கு ஜான் ஸ்காட் பதக்கம் வழங்கியது. பின்னாளில் வானொலிப் பெட்டிகளால் அவர் பெயர் வீடுதோறும் அறிமுகமானது. ஆனால் இந்தக் கொக்கியும் தாழுமே அவருடைய தலைசிறந்த வேலை என்று சொல்லலாம்.

மற்றவர் சார்ல்ஸ் கெட்டரிங். ஒஹாயோவின் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். அந்நிறுவனத்தின் உயர் அதிகாரி எட்வர்ட் டீட்ஸின் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில், வேலை முடிந்த மாலை நேரங்களிலும் விடுமுறைகளிலும் சில சகாக்களோடு கார் பற்றவைப்பை ஆராய்ந்தார். அவரது முதல் ஏற்பாட்டில் ஒரு சிறு ரிலே இருந்தது. டைமர் தொடுத்ததும் அது காயிலின் மின்னோட்டத்தை ஒரே ஒருமுறை அறுத்து, டைமர் விலகும்வரை அப்படியே பிடித்துக்கொள்ளும். பொறி மழை ஒற்றைப் பொறியாகச் சுருங்கியது. உலர் மின்கலங்களின் ஆயுள் நீண்டது. கேடிலாக் நிறுவனத்தின் ஹென்றி லேலண்ட், நுட்ப அளவுகளில் கண்டிப்புக்குப் பெயர்போனவர், 1909-இல் 8000 தொகுதிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். கொட்டகையில் இருந்தவர்களிடம் தொழிற்சாலையே கிடையாது. சிக்காகோவில் தொலைபேசிக் கருவிகள் செய்துவந்த கெல்லாக் நிறுவனத்திடம் உற்பத்தியை ஒப்படைத்தார்கள். டேட்டன் எஞ்சினியரிங் லெபாரட்டரீஸ் கம்பெனி என்று நிறுவனத்துக்குப் பெயரிட்டார்கள்; சுருக்கமாக டெல்கோ. 1910 மாடல் கேடிலாக்கில் அவர்களது பற்றவைப்பு வெளிவந்தது.

அடுத்த திருப்பம் பற்றவைப்பிலிருந்து வரவில்லை. 1912 மாடல் கேடிலாக்குக்காகக் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டருக்குப் பெரிய ஈயப் பேட்டரி தேவைப்பட்டது. அந்தப் பேட்டரிக்கு மின்னேற்ற ஒரு ஜெனரேட்டர் தேவைப்பட்டது. இரண்டும் வண்டிக்குள் வந்த பிறகு மின்சாரத்தை மில்லி அளவில் சேமிக்கும் நெருக்கடி நீங்கியது. ரிலே வேண்டியதில்லை. தெ தியோன் காலத்துக் கேமும், ஒரு சோடிப் பாயின்ட்டும், ஒரே காயிலும், மேக்னெட்டோவிடமிருந்து வந்த பங்கீட்டுத் தலையும் போதும். டெல்கோவின் அன்றைய தொகுதிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் மோட்டார்-ஜெனரேட்டரின் முதுகில், அதன் பல்சக்கரத்தால் சுழலும்படி நின்றது. ஸ்டார்ட்டர் ஓட்டுநரின் கையை கிராங்கிலிருந்து விடுவித்தது என்று எல்லா நூல்களும் எழுதுகின்றன. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வாழ்வு கொடுத்ததும் அதே ஸ்டார்ட்டர்தான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

புதிய முறைக்குப் புதிய குறை ஒன்றும் வந்தது. பாயின்ட்டுகள் சேர்ந்த நிலையில் எஞ்சின் நின்று, ஓட்டுநர் சுவிட்சை அணைக்க மறந்தால், மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் சுட்டுக் கருகும். டெல்கோ காயிலுக்குச் செல்லும் பாதையில் ஓர் இரும்புக் கம்பிச் சுருளைச் சேர்த்தது. நேரம் செல்லச் செல்ல சுருள் சூடேறி அதன் மின்தடை உயர்ந்து, மின்னோட்டத்தைக் குறைக்கும். கனெக்டிகட் என்ற நிறுவனத்தின் சுவிட்சில் சூட்டால் வளையும் தகடு ஒன்று தானாகச் சுவிட்சைத் தள்ளிவிடும். டெல்கோவின் வழி நிலைத்தது. பின்னாளில் காயிலோடு தொடராக வைக்கப்பட்ட மின்தடைகள் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

1910-களின் கடைசியில் உருப்பெற்ற டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்துப் பார்த்தால் அடுத்த அரை நூற்றாண்டுக்கு மாறாத அமைப்பு தெரியும். கிண்ணம் போன்ற வார்ப்பு உடல்; அதன் கழுத்தில் வெண்கலப் புஷ்; புஷ்ஷுக்குள் நிற்கும் தண்டு. தண்டை வால்வுத் தண்டின் சாய்பல் சக்கரம் கிராங்கின் பாதி வேகத்தில் சுழற்றும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும் என்பதால், பாதி வேகத்தில் சுழலும் தண்டு ஒரு சுற்றில் எல்லாச் சிலிண்டர்களுக்கும் பரிமாறி முடித்துவிடும். தண்டில் சிலிண்டருக்கு ஒரு முனை வீதம் கேம். கேமை உரசியபடி பாயின்ட் கரத்தின் ஃபைபர் குதி. குதி மேட்டில் ஏறும்போது பாயின்ட் சுமார் அரை மில்லிமீட்டர் திறக்கும். திறக்கும் அந்தக் கணம்தான் பொறி பிறக்கும் கணம். திறந்ததும் முதன்மைச் சுற்றில் சில நூறு வோல்ட்டும், இரண்டாம் சுற்றில் 10,000 வோல்ட்டுக்கு மேலும் எழும்.

தேய்மானம் இங்கே கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைத் திருடும். குதி தேய்ந்தால் பாயின்ட் இடைவெளி சுருங்கும், திறப்பு பிந்தும், பொறி பிந்தும், வண்டி இழுவை குறையும். புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும். ஒரு சிலிண்டருக்கு ஓர் இடைவெளி, இன்னொன்றுக்கு வேறு இடைவெளி என்றாகும். கன்டென்சரின் அளவு பொருந்தாவிட்டால் ஒரு முனையிலிருந்து உலோகம் பெயர்ந்து மறுமுனையில் ஒட்டும். ஒன்றில் குழியும் மற்றதில் முளையும் உண்டாகும். பாயின்ட்டைக் கழற்றி அந்தக் குழி எந்தப் பக்கம் என்று பார்த்தே தேர்ந்த மெக்கானிக் கன்டென்சரின் குறையைச் சொல்லிவிடுவார்.

கேமுக்கு மேலே, தண்டோடு சுழலும் ரோட்டார். அதற்கு மேலே பேக்லைட் மூடி. மூடியின் நடுக் கோபுரத்தில் காயிலின் கம்பி வந்திறங்கும். வில் வைத்த கரிப் பொத்தான் ஒன்று அங்கிருந்து ரோட்டாரின் பித்தளை நாக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். முதற்கால ரோட்டார்கள் தூரிகையால் மூடியின் உட்சுவரை உரசிச் சென்றன; கரித்தூள் கோடு விழும் தொல்லை அவற்றோடு தொடர்ந்தது. பிறகு உரசலே வேண்டாமென்று நாக்கின் நுனிக்கும் துண்டுகளுக்கும் இடையே நூலளவு இடைவெளி விட்டார்கள். பல்லாயிரம் வோல்ட்டுக்கு அந்த இடைவெளியைத் தாண்டுவது பெரிதல்ல. தாண்டும்போது உண்டாகும் ஓசோன் வெளியேற உடலில் துளைகள் வைத்தார்கள். மூடியின் கோபுரங்களில் கம்பிகள் சிலிண்டர் வரிசைப்படி செருகப்படுவதில்லை. எரியும் முறைப்படி, அதாவது 1-3-4-2 அல்லது 1-2-4-3 என்று, ரோட்டார் சுழலும் திசையில் செருகப்படும். இதில் இரண்டு கம்பி இடம் மாறினால் எவ்வளவு நல்ல எஞ்சினும் கிளம்பாது.

நேரம் பார்க்கும் வேலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கலவை எரிந்து முடிய ஏறத்தாழ இரண்டு மூன்று மில்லி விநாடி ஆகும். 1000 சுற்றில் அது 12 முதல் 18 டிகிரி. 3000 சுற்றில் 36 டிகிரிக்கு மேல். எனவே வேகம் கூடக்கூடப் பொறி முந்தி விழ வேண்டும். கையால் கிளப்பும்போதோ பொறி முந்தக் கூடாது. முந்தினால் எஞ்சின் பின்னோக்கி உதைத்துக் கிராங்கைப் பிடித்தவரின் மணிக்கட்டை முறிக்கும். ஆரம்பத்தில் இதற்கு ஸ்டியரிங் சக்கரத்தின் கீழ் ஒரு நெம்புகோல் இருந்தது. அது பாயின்ட் தட்டைக் கேம் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும். சுழலும் திசையிலேயே திருப்பினால் பிந்தும். நல்ல ஓட்டுநர் எஞ்சின் ஓசையைக் கேட்டே அதை நகர்த்துவார். எல்லாரிடமும் அந்தச் செவி இருப்பதில்லை. தண்டுக்கும் கேமுக்கும் இடையே இரு எடைகளையும் வில்களையும் வைத்து, வேகம் கூடும்போது எடைகள் விரிந்து கேமையே சற்று முன்னோக்கித் திருப்பும்படி 1910-களிலேயே செய்தார்கள். டெல்கோவும் அட்வாட்டர் கென்ட்டும் இதைக் கையாண்டன. சில காலம் தானியங்கி எடைகளும் கைநெம்புகோலும் சேர்ந்தே இருந்தன. எஞ்சினின் உறிஞ்சு வெற்றிடத்தால் இயங்கும் மெல்லிய தோல்சவ்வு, அரைப் பளுவில் மெதுவாக எரியும் கலவைக்காகப் பொறியை மேலும் முந்தவைக்கும் முறை 1930-களில் பரவியது.

ஐரோப்பா மேக்னெட்டோவை விடத் தயங்கியதற்குக் காரணங்கள் இருந்தன. பேட்டரி செத்தாலும் மேக்னெட்டோ ஓடும். போஷின் தயாரிப்பு நம்பகமானது. 1914-இல் போர் மூண்டபோது பிரிட்டன் தனது மேக்னெட்டோ தேவைக்குப் பெரும்பாலும் ஜெர்மனியையே நம்பியிருந்தது அம்பலமானது. அவசரமாக உள்நாட்டில் உற்பத்தியை வளர்க்க வேண்டியிருந்தது. பர்மிங்காமின் லூகாஸ் அதே ஆண்டு தாம்சன்-பென்னட் என்ற மேக்னெட்டோ நிறுவனத்தை வாங்கியது. போருக்குப் பின் விலை மலிந்த சிறு கார்களுக்குக் கிராக்கி வந்தபோது கணக்கு மாறியது. மேக்னெட்டோவுக்கு விலையுயர்ந்த காந்த எஃகும் நுட்பக் கடைசலும் வேண்டும். விளக்குக்காகவும் ஸ்டார்ட்டருக்காகவும் பேட்டரியும் ஜெனரேட்டரும் ஏற்கனவே வண்டியில் இருக்கும்போது, காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் சேர்ந்தாலும் செலவு குறைவு. போஷ் நிறுவனமே 1925-இல் பேட்டரிப் பற்றவைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்டின் செவன் 1928-இல் மேக்னெட்டோவிலிருந்து காயிலுக்கு மாறியது. விமானங்கள் மட்டும் மேக்னெட்டோவை விடவில்லை. பேட்டரியை நம்பி வானில் பறக்கப் பெரும்பாலோர் துணியவில்லை. லூகாஸின் கார் மின்கருவித் தொழில் 1961-இல் சென்னைப் பாடிக்கும் வந்தது. டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து அங்கு நிறுவப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். ஆலை, ஸ்டார்ட்டர், டைனமோ ஆகியவற்றோடு டிஸ்ட்ரிபியூட்டரையும் இந்திய வண்டிகளுக்குச் செய்து கொடுத்தது.

அமெரிக்காவில் பிந்தி மாறியது ஃபோர்டு. மாடல் டி-யின் நான்கு காயில் பெட்டியைக் கழற்றிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் பொருத்திக்கொள்ள வெளி நிறுவனங்கள் விற்ற தொகுதிகளை வாடிக்கையாளர்கள் ஏற்கனவே வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1927 டிசம்பரில் வெளியான மாடல் ஏ-யில் ஃபோர்டே அதைச் செய்தது. சிலிண்டர் தலையின் நடுவே நிமிர்ந்து நின்ற அந்த டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குகளுக்குக் கம்பிகளே இல்லை. நான்கு வெண்கலப் பட்டைகள் நேரே மூடியிலிருந்து பிளக் தலைகளுக்குப் போயின. முந்துதலுக்குக் கைநெம்புகோல் தொடர்ந்தது.

எட்டுச் சிலிண்டர் எஞ்சின்கள் ஒற்றைப் பாயின்ட்டின் எல்லையைக் காட்டின. எட்டு முனைக் கேமில் ஒரு பொறிக்குக் கிடைப்பது 45 டிகிரி. அதில் பாயின்ட் மூடியிருப்பது சுமார் 30 டிகிரி. எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 200 பொறிகள். காயில் காந்தமேற ஒவ்வொரு முறையும் கிடைப்பது மூன்று மில்லி விநாடி சொச்சம். மின்னோட்டம் முழுதாக எழும்புவதற்குள் பாயின்ட் திறந்துவிடும், பொறி மெலியும். வில்லை இறுக்கினால் குதி விரைவில் தேயும்; இளக்கினால் உச்ச வேகத்தில் கரம் கேமைப் பின்தொடராமல் மிதக்கும். 1932-இல் வந்த ஃபோர்டு வி-8 இதற்கு இரண்டு பாயின்ட் கரங்களை வைத்தது. வால்வுத் தண்டின் முனையில் நேரடியாகப் பொருத்தப்பட்ட அந்த டிஸ்ட்ரிபியூட்டரில் காயிலும் சேர்ந்தே உட்கார்ந்திருந்தது. ஒரு கரம் திறந்து பொறியைத் தந்த சற்று நேரத்தில் மற்றது மூடிக் காயிலுக்கு மின்சாரத்தைத் தொடங்கிவிடும். மூடியிருக்கும் கோணம் அதனால் நீண்டது. அறுப்பதையும் தொடுப்பதையும் இரண்டு கரங்களுக்குப் பிரித்துக் கொடுத்த இந்த ஏற்பாடு வேகமான எஞ்சின்களில் பல ஆண்டுகள் நீடித்தது.

(தொடரும்)